ஃபைன் கட்டினால் முடிந்துவிடாது

ரயில்வே மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவில் காலை நேரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தோளில் பை, கையில் வியர்வையில் நனைந்த ஐநூறு ரூபாய்த் தாள், முகத்தில் பயம். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போகிறான் பையன். "படிக்கட்டுல தொங்கினியா?" "ஆமாங்க ஐயா." இரண்டே நிமிஷம். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கு ஓடுகிறான். ஃபைன் கட்டியாச்சு, முடிஞ்சுது என்றுதான் வீட்டிலும் சொல்வான்.

ஆனால் அந்த "ஆமாங்க ஐயா" என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம். கட்டிய பணம் நீதிமன்றம் விதித்த தண்டனை. நாலைந்து வருஷம் கழித்து மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகும்போது கையில் ஒரு படிவம் தருவார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீரா, நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டீரா என்று கேட்கும் படிவம் அது. அன்றைக்குத்தான் அந்த ரசீது நினைவுக்கு வரும்.

அதனால் கோர்ட் வாசலில் முதலில் பார்க்க வேண்டியது வயது. குற்றம் நடந்த நாளில் 18 நிரம்பாதவர் என்றால் அந்தக் கோர்ட்டுக்கே அவர் வரக்கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது. சின்னக் குற்றம் என்றால் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பவே குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று "பதினெட்டு ஆயிடுச்சு" எனப் பொய் சொல்லும் பையன்களும் இருக்கிறார்கள். பெற்றோரே, இதைக் கட்டாயம் தடுத்து நிறுத்துங்கள். ஒருவேளை அப்படி நடந்துவிட்டாலும் வழி இருக்கிறது. குற்றம் நடந்தபோது தான் சிறுவன் என்பதை வழக்கு முடிந்த பிறகும் நீதிமன்றத்தில் கோரலாம். பள்ளிச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம்.

ஓடும் ரயில் மீது கல்லெறிவது மட்டும் விளையாட்டில் சேராது. பயணியைக் காயப்படுத்தும் நோக்கில் எறிந்தால், ரயில்வே சட்டத்தின் 152-ஆவது பிரிவு ஆயுள் தண்டனை வரை பேசுகிறது. ஒரு கல் ஜன்னலோரக் குழந்தையின் கண்ணைப் பறித்துவிடும். அதைச் செய்தவன் சிறுவனாக இருந்தாலும் விசாரணை உண்டு.

அந்தக் காலத்துச் சட்டம் சிறுவர்களை எப்படி நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 130-ஆவது பிரிவு, ரயிலுக்கு ஆபத்து விளைவித்த 12 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைக்குக் கசையடி கொடுக்க அனுமதித்தது. ஏழு வயதுக்குள் இருப்பவர் செய்தது குற்றமாகாது என்ற தண்டனைச் சட்ட விலக்கைக்கூட அது ஒதுக்கித் தள்ளியது. இப்போதுள்ள 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் அடி இல்லை. தந்தையோ காப்பாளரோ நன்னடத்தைப் பிணை எழுதித் தரச் சொல்வதற்கு மட்டும் 168-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது.

அடிபட்ட தழும்பு ஆறிவிடும், ஏட்டில் ஏறிய பெயர் ஆறாது என்பதைப் புரிந்துகொண்ட சட்டம் இப்போது நம்மிடம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சிறுவனின் தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி ஏழு ஆண்டுக்கு மேல் அவற்றை வைத்திருக்கவே கூடாது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப்போல் விசாரிக்கப்பட்ட 16 வயது கடந்தவருக்கு மட்டும் இதில் விலக்கு. வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் அந்தப் பதிவை வெளியிடக்கூடாது என்கிறது 74-ஆவது பிரிவு. சிறுவயது வழக்கைக் காட்டி ஒருவருக்கு மத்தியப் படையில் வேலை மறுத்தது தவறு என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அழித்தார்களா என்பதைக் கேட்டு உறுதி செய்வது குடும்பத்தின் வேலை. குழுமத்திடம் ஒரு மனு எழுதிக் கொடுத்து, உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள்.

18 தாண்டியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் பேச வேண்டும். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, கண்டித்து விடுவிக்குமாறு மாஜிஸ்திரேட்டைக் கேட்கலாம். அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. பின்னாளில் படிவம் கேட்டால் உண்மையை எழுதுங்கள். சின்ன வழக்கைச் சொன்னதால் வரும் சிக்கலைவிட, மறைத்து மாட்டிக்கொண்டால் வருவது பெரிது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பிடிபட்டது சிறுவன் என்றால் 1098. பையன் கோர்ட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே அழையுங்கள்.