மீந்த சோறும் பச்சைத் தேநீரும்

இடம்பெயர்ந்து பசி அறிந்த நமக்குச் சோற்றை எறிய மனம் வராது. ஊரில் பழஞ்சோறாக்கினோம். யப்பானியரோ மீந்த சோற்றில் சூடான பச்சைத் தேநீரை ஊற்றி, சிறிது மீனும் ஊறுகாயும் சேர்த்து 'ஓச்சாசுக்கே' என உண்கின்றனர். பசி குறைந்த முதியவர்களுக்கு இலகுவான உணவு. ஒக்லாந்திலும் சுலபமாகச் செய்யலாம்.

ஆனால் அரிசியிலுள்ள 'பசிலஸ் சீரியஸ்' பக்ரீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோற்றை இரவு முழுவதும் வெளியே வைத்தால் அவை பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கலாம். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது.

எனவே மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 2 நாட்களுக்குள் நன்கு சூடாக்கித் தேநீர் ஊற்றுங்கள். பழஞ்சோற்றையும் பெட்டியிலேயே ஊறவிடுங்கள். வெளியே கிடந்து விடிந்த சோற்றை மட்டும், மனதைக் கல்லாக்கி எறிந்துவிடுங்கள்.