சொல் போகும், பொருள் நிற்கும்

"அவர் என்ன சொன்னார்? வார்த்தை மாறாமல் சொல்லுங்கள்" என்று குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பார். குடும்பச் சண்டையிலும் இதே கேள்வி வரும். நினைவுக்கு இவ்வளவு பொருந்தாத கேள்வி வேறில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. தொலைநோக்கி பிறந்த கதையை ஒலிநாடாவில் ஓடவிட்டார். அதில் ஒரு வாக்கியம், ஒருவர் அதுபற்றிக் கலிலியோவுக்குக் கடிதம் அனுப்பினார் என்பது. நாடாவை நிறுத்தி ஒரு வாக்கியத்தைக் கேட்கச் செய்து, கேட்டது இதுவேதானா என்று வினவினார். வாக்கியம் முடிந்த கையோடு வினவியபோது, எதை மாற்றியிருந்தாலும் பெரும்பாலோர் கண்டுபிடித்தார்கள். அரை நிமிடத்துக்கும் குறைவான பேச்சு இடையில் ஓடியதும் நிலைமை தலைகீழ். 'கடிதம் அனுப்பப்பட்டது' என்று அமைப்பை மட்டும் மாற்றினால் ஏறக்குறையக் குத்துமதிப்பாகத்தான் பதில் வந்தது. 'கலிலியோ அவருக்கு அனுப்பினார்' என்று பொருளைப் புரட்டினால் மட்டும் பிடிபட்டது.

கேம்பிரிட்ஜில் ஆலன் பேட்லி 1966-இல் கண்டதும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. பல், கல், வில் போல ஓசை ஒத்த சொற்கள், கேட்ட உடனே ஒப்பிக்கும்போது குழப்புகின்றன. சற்று நேரம் கழித்து நினைவுகூரும்போது குழப்புபவை பெரிய, அகன்ற, பருத்த என்பதுபோலப் பொருள் ஒத்தவை. ஓசை முதலில் கழன்றுவிடுகிறது.

பொருளாகச் சேமிப்பதற்கு ஒரு விலை உண்டு. படுக்கை, ஓய்வு, கனவு, போர்வை, குறட்டை, கொட்டாவி என்று 15 சொற்களை வாசித்துக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னால், பட்டியலில் இல்லவே இல்லாத 'தூக்கம்' என்ற சொல்லையும் பலர் சேர்த்து எழுதிவிடுவார்கள். ஜேம்ஸ் டீஸ் 1959-லேயே இதை எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹென்றி ரோடிகர், கேத்லீன் மெக்டெர்மட் இருவரும் 1995-இல் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களது இரண்டாவது சோதனையில், இல்லாத சொல் நினைவில் வந்த விகிதம் 55 சதவீதம். இதைவிட வியப்பு, அந்தச் சொல்லைக் கேட்ட கணமே ஞாபகம் இருக்கிறது என்று பலர் உறுதியாகச் சொன்னதுதான்.

காரணம் சொற்களின் உறவு. 'ரொட்டி'யைப் படித்தவர் அடுத்து வரும் 'வெண்ணெய்' ஒரு சொல்தான் என்பதை விரைவாக உணர்கிறார் என்று உளவியலாளர்கள் மேயரும் ஷ்வானவெல்ட்டும் 1971-இல் அளந்து காட்டியிருந்தார்கள். ஒன்றைத் தொட்டால் அதன் சொந்தங்களும் விழிக்கின்றன. பதினைந்து சொந்தங்களும் ஒரே சொல்லை எழுப்பினால், அது உள்ளேயே விழித்ததா, காதில் விழுந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

இதைக் கோளாறு என்று நான் சொல்லமாட்டேன். வார்த்தைக்கு வார்த்தை சுமக்கும் மனம் புரிந்துகொள்ள நேரமில்லாமல் திணறும். ஆனால் சாட்சி சொல்பவர் கண்ணை மூடி, அழுத்தந்திருத்தமாக 'இதே வார்த்தைதான்' என்றால், அந்த உறுதியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொற்பட்டியல் சோதனைகளில், இப்படி ஏமாறுவீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் பார்த்திருக்கிறார்கள்: தவறு குறைந்தது, நிற்கவில்லை.