ஆட்டமும் கணக்கும் – 11: அடிப்பானா, மாற்றுவானா?

போக்கிமான் களத்தில் இந்தப் பக்கம் கார்ச்சோம்ப், அந்தப் பக்கம் ஹீட்ரான். நெருப்பும் எஃகும் கலந்த ஹீட்ரானுக்கு நில வகைத் தாக்குதல் என்றால் நான்கு மடங்கு அடி. கார்ச்சோம்ப்பிடம் இருப்பதோ ‘எர்த்குவேக்’. வேகத்திலும் அதுதான் முந்தும். பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது என்று புதியவர் நினைப்பார். ஆனால் ஹீட்ரானை வைத்திருப்பவருக்கும் இதெல்லாம் தெரியுமே! அவர் அணியில் பறக்கும் ஜாப்டோஸ் காத்திருக்கிறது. நிலம் எவ்வளவு அதிர்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. போக்கிமான் போட்டியில் இருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் முடிவெடுக்க வேண்டும். இரண்டு முடிவுகளும் வந்த பிறகுதான் திரையில் ஏதாவது அசையும். அப்போதும் ஆளை மாற்றுவது முதலில் நடக்கும், அடி பிறகுதான் விழும்.

சரி, ஜாப்டோஸ் வரும் என்று முன்கூட்டியே ஊகித்து ‘ஸ்டோன் எட்ஜ்’ போடலாமா? பாறை பட்டால் ஜாப்டோஸுக்கு இரண்டு மடங்கு சேதம். ஆனால் ஹீட்ரான் இடத்தை விட்டு நகராவிட்டால் அந்தப் பாறை அதற்குச் சாதாரண அடிதான். நகராமல் இருக்கவும் காரணம் உண்டு. நில வகை அடியைப் பாதியாக்கும் ‘ஷூக்கா பெர்ரி’ அதன் மடியில் இருக்கலாம். இவர் பாறையை எறிவார் என்று அவர் எதிர்பார்த்து ஹீட்ரானை நிறுத்தி வைக்கலாம். அதை இவர் எதிர்பார்த்து எர்த்குவேக்குக்கே திரும்பலாம். இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை.

சதுரங்கத்தில் இந்தத் தலைவலி கிடையாது. அங்கே எதிராளியின் காய் நகர்ந்து நின்ற பிறகுதான் நம் முறை. 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்கு வந்த முதல் போக்கிமான் விளையாட்டிலேயே, இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்து இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு மோதலாம். சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் ஒதுக்கிய பொருளுக்குள், பொருளாதாரத் துறைகள் பாடமாக நடத்தும் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது.

எதிராளியின் அடுத்த அசைவைச் சரியாகக் கணிப்பதை ஆட்டக்காரர்கள் ‘ரீட்’ என்கிறார்கள். துணிச்சலான ரீட் பலித்துவிட்டால் வர்ணனையாளர் குரலை உயர்த்துவார், அரங்கம் எழுந்து நிற்கும். ஆனால் கைதட்டல் வாங்கும் ரீட்களில் பல, கணக்குப் போட்டுப் பார்த்தால் மோசமான பந்தயங்கள். மேலே சொன்ன ஸ்டோன் எட்ஜையே எடுத்துக்கொள்வோம். அது நூற்றுக்கு எண்பது முறைதான் குறி தப்பாமல் விழும். ஊகம் நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் ஐந்தில் ஒரு தடவை பாறை பக்கவாட்டில் போய்விடும். ஊகமும் தப்பினால், ஒரே அடியில் வீழ்த்தியிருக்கக்கூடிய ஹீட்ரான் எதிரே நின்று திருப்பி அடிக்கும்.

தேர்ந்தவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் மூன்றாவது வழியைத் தேடுவார்கள். 2006-ல் வந்த டயமண்ட், பேர்ல் தலைமுறையில் அறிமுகமான ‘ஸ்டெல்த் ராக்’ அப்படி ஒன்று. எதிராளியின் பக்கம் கூர்மையான கற்களை மிதக்க விடும் உத்தி அது. அடுத்து யார் களத்துக்குள் வந்தாலும் கல் குத்தும். ஜாப்டோஸ் என்றால் ஒவ்வொரு வருகைக்கும் மொத்த உயிரில் கால் பங்கு போகும். இப்போது எதிராளி மாற்றினாலும் லாபம், மாற்றாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கார்ச்சோம்ப் டிராகன் வகை என்பதால் ஹீட்ரானின் நெருப்பு அதை அரைகுறையாகத்தான் சுடும். யாருடைய மனதையும் படிக்கத் தேவையில்லாத இந்த அசைவுக்கு எந்த அரங்கமும் எழுந்து நிற்பதில்லை.

பாதுகாப்பான மூன்றாவது வழி எப்போதும் கிடைத்துவிடாது. ஊகத்தைத் தவிர வேறு போக்கே இல்லாத கட்டங்களுக்கு ‘சக்கர் பஞ்ச்’ போல் சுத்தமான உதாரணம் வேறில்லை.

கிங்காம்பிட்டும் ட்ராகாபல்ட்டும் மட்டும் மிஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உயிர் ஊசலாடுகிறது; யார் மீது அடி விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது. ட்ராகாபல்ட் சிட்டாய்ப் பறக்கும், கிங்காம்பிட் அசைந்து அசைந்து வரும். ஆனால் கிங்காம்பிட்டிடம் இருக்கும் சக்கர் பஞ்சுக்கு ஒரு வினோத விதி: எதிராளி அந்த முறை தாக்குதலைத் தேர்ந்திருந்தால் மட்டுமே அது முந்திக்கொண்டு பாயும். அவர் தாக்காத அசைவு எதையாவது தேர்ந்திருந்தால் அது வீண். அதிகபட்சம் 8 தடவைதான் பயன்படுத்தவும் முடியும். கையில் சாதாரண வெட்டும் உண்டு; எதிராளி சும்மா இருந்தால் அது ஜெயிக்கும், தாக்கினால் தோற்கும்.

சக்கர் பஞ்ச் ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றால் விஷயம் எளிது. பாதிக்குப் பாதி; காசைச் சுண்டிவிட்டு முடிவெடுப்பதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு பாக்கி இருந்தால்? ஒன்று வீணானாலும் அடுத்த முறை பாதி வாய்ப்பு கையில் நிற்கும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு தடவை சக்கர் பஞ்சையே தேர்வது சரி. வெற்றி வாய்ப்பும் அதே மூன்றில் இரண்டு. மூன்று பாக்கி இருந்தால் நான்கில் மூன்று. இப்படியே போனால் எட்டும் மிச்சமிருக்கும்போது ஒன்பதில் எட்டு. ட்ராகாபல்ட் பக்கம் இருந்து பார்த்தால், முதல் முறையில் ஒன்பதில் ஒரு பங்குதான் தாக்க வேண்டும். பொறுத்திருந்து எதிராளியின் கையிருப்பைக் கரைக்கக் கரைக்கத் துணிச்சலைக் கூட்டிக்கொண்டே வரலாம். தாக்காத அசைவு வெறும் பாவனை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் அந்த அசைவு தீக்காயம் தரும் ‘வில்-ஓ-விஸ்ப்’ ஆக இருந்தால் எண்கள் மாறும்.

இத்தகைய மோதல்களில் கலப்பு உத்திதான் சரி என்று ஜான் வான் நியூமன் 1928-லேயே நிறுவிவிட்டார். ஒரே மாதிரி ஆடாதே, சரியான விகிதத்தில் கலந்து ஆடு, எதிராளிக்கு எவ்வளவு புத்தி இருந்தாலும் உன்னை அதற்குமேல் சுரண்ட முடியாது என்பதே அதன் சாரம். சொல்வது சுலபம். மனிதர்களால் கலக்கத்தான் முடிவதில்லை. 1950-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹேகல்பார்கரும் கிளாட் ஷானனும் ஆளுக்கொரு இயந்திரம் செய்தார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் புளியங்கொட்டையை மூடிவைத்து ‘ஒத்தையா, ரெட்டையா’ கேட்பதைப் போன்ற ஆட்டத்தை அவை மனிதரோடு ஆடும். முந்தைய இரண்டு முறையில் ஜெயித்தவர் யார், தேர்வை மாற்றினாரா மாற்றவில்லையா என்ற அளவுக்குத்தான் அவற்றுக்கு ஞாபகசக்தி. அதை வைத்தே மனிதர்களைத் தோற்கடித்தன. தோற்றால் மாற்றுவது, ஜெயித்தால் அதையே தொடர்வது என்று நம்மையறியாமல் ஒரு தடத்தில் விழுந்துவிடுகிறோம். மூன்றில் இரண்டு வெற்றி என்ற முறையில் நடக்கும் போக்கிமான் சுற்றுகளில் முதல் ஆட்டத்தில் எதிராளி பதறினாரா, பொறுத்தாரா என்பதைக் கவனிப்பவருக்கு இரண்டாவது ஆட்டத்தில் பலன் உண்டு. மனதைப் படிப்பது என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

எதிராளியோடு விளையாட்டும் சேர்ந்து சூதாடும். ஒரே தாக்குதலின் சேதம் 85-லிருந்து 100 சதவீதம் வரை 16 படிகளில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். நீர் வகையில் ‘சர்ஃப்’ என்பதன் பலம் 90, தவறவே தவறாது. ‘ஹைட்ரோ பம்ப்’ 110, ஆனால் எண்பது சதவீதமே படும். சராசரி பார்த்தால் 88. சர்ஃப்தான் ஒரு முடி மேல். இருந்தும் பலர் ஹைட்ரோ பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் காரணம், இந்த ஆட்டத்தில் சராசரிக்கு மதிப்பில்லை. எதிராளி ஒரே அடியில் சாய்ந்தானா, நூலிழையில் பிழைத்துத் திருப்பி அடித்தானா என்பதுதான் கேள்வி. இரட்டையர் ஆட்டத்தில் ‘ராக் ஸ்லைடு’ இருவர் மீதும் விழும். ஒவ்வொருவர் மீதும் படும் வாய்ப்பு 90 சதவீதம், பட்டவர் மிரண்டுபோய் முறையை இழக்கும் வாய்ப்பு 30. முந்தி வீசினால் இருவரில் ஒருவராவது மிரளுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 47 சதவீதம். பின்தங்கியவருக்கு இது வரம். முன்னிலையில் இருப்பவர் இதை நம்பி இறங்கினால் அது அசட்டுத்தனம்.

போட்டிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும் ஊகமும் உண்டு. 2014 ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க், பச்சிரிசு என்ற அணிலை அழைத்து வந்தார். யாருமே சீந்தாத போக்கிமான் அது. ஆனால் அவரிடம் மின்சாரத்துக்கு அஞ்சும் கியாரடோஸ் இருந்தது. பச்சிரிசு ‘ஃபாலோ மீ’ சொன்னால் கியாரடோஸை நோக்கி வரும் மின்னல் அணிலிடம் திரும்பும். அணிலோ மின்சாரத்தைக் குடித்து உயிரைக் கூட்டிக்கொள்ளும். எல்லோரும் எதைக் கொண்டுவருவார்கள் என்று பார்க் வீட்டிலேயே போட்ட கணக்கு பலித்தது. அமெரிக்காவின் ஜூடி அஸரெல்லியை இறுதியில் வென்று பட்டத்தை எடுத்துச் சென்றார்.

அந்த மாதிரி அதிர்ச்சி வைத்தியம் இப்போது கடினம். அண்மைக் கால அதிகாரபூர்வப் போட்டிகளில் இருவரும் அணிப் பட்டியலை முன்பே பரிமாறிக்கொள்கிறார்கள். எந்தப் போக்கிமான், எந்தத் தாக்குதல், மடியில் என்ன பொருள், எல்லாம் திறந்த புத்தகம். ஆனாலும் 6 பேரில் எந்த 4 பேரை இறக்குவது, அவர்களில் எந்த இருவரை முதலில் நிறுத்துவது என்பதற்கே 90 வழிகள் இருக்கின்றன. அதை முடிவு செய்யக் கொடுக்கப்படும் நேரமும் 90 விநாடிதான். எதிரே இருப்பவருக்கும் அதே 90 வழிகள், அதே கடிகாரம்.

(தொடரும்)