ஓட்டமும் தடையும் வலுவும்

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாதது. எனினும் அதன் செயலை அளந்தறிதற்குப் பெருங் கணிதம் வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தார்க்கு அதுவே போதும். விஞ்ஞான ஆசிரியர்க்குரிய இப்பொருளைத் தமிழாசிரியன் ஒருவன் எடுத்துரைக்கப் புகுந்தமைக்குக் காரணம் இரண்டு. இத்துறைக் கலைச்சொற்கள் நம் தாய்மொழியின் எளிய வினையடிகளிற் பிறந்தவை என்பது ஒன்று. இக்கணக்கை அறியாமையால் வீடு எரிதலும் உயிரிழத்தலும் நேர்கின்றன என்பது மற்றொன்று.

அழுத்துவது அழுத்தம், ஓடுவது ஓட்டம், தடுப்பது தடை. மேலே கட்டப்பட்ட நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்க. தொட்டி உயர உயர நீரின் அழுத்தம் மிகும். குழாய்வழியே ஒரு செக்கனில் ஓடும் நீரினளவு ஓட்டம். குழாய் ஒடுங்கியதாயின் தடை மிகும், ஓட்டம் குறையும். மின்சாரத்தில் அழுத்தத்தை வோல்ற்றிலும், ஓட்டத்தை அம்பியரிலும், தடையை ஓமிலும் அளப்பர்.

இம்மூன்றையும் ஒரே விதியிற் பிணைத்தவர் ஜோர்ஜ் சைமன் ஓம். அவர் ஜேர்மனியின் கொலோன் நகரிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்த பள்ளியாசிரியர். வெவ்வேறு நீளமும் பருமனும் உடைய கம்பிகளிற் சோதனை செய்து, தம் முடிபை 1827 இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டார் அதனைப் பெரிதும் மதித்திலர். 1841 இல் இலண்டன் வேத்தியற் கழகம் கொப்லி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவிற்று. இன்று உலகெங்கும் தடையின் அலகு அந்த ஆசிரியரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவர் கண்ட விதியின்படி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை வரும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் வருவது வலு. அதன் அலகு உவாற்று. தமிழ்நாட்டார் இதனைத் 'திறன்' என்பர்.

1990 ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தை நம் பழைய மாணவர் மறந்திரார். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அத்தைனமோ பொதுவாக 6 வோல்ற்று அழுத்தத்தில் அரை அம்பியர் ஓட்டம் தரும். 6 ஐ அரையால் வகுக்க 12. எனவே அதனோடு இணைந்த விளக்கின் தடை 12 ஓம். 6 ஐ அரையாற் பெருக்க 3. எனவே வலு 3 உவாற்று. மின்சாரத்தின் விலை யாதென்பதை அன்று சுழற்றிய கைகள் நன்கறியும்.

இனி வீட்டுக்குள் வருவோம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. 60 உவாற்று இழைமின்குமிழில் ஓடுவது ஏறத்தாழ 0.26 அம்பியர், ஒளிரும்போது அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். 2000 உவாற்று மின்கேத்தலில் ஓடுவதோ 8.7 அம்பியர், தடை 26 ஓம் அளவே. தடை மிகுந்த பொருளே மிகுந்த வெப்பம் தருமென மாணவர் சிலர் மயங்குவர். அழுத்தம் மாறாதிருக்கும்போது தடை குறையக் குறையவே வலு மிகும் என்பதை இக்கணக்குக் காட்டும்.

ஆனால் நீரிறைக்கும் மோட்டருக்கு இவ்வகுத்தல் சுருளின் தடையைத் தாராது. சுழலும் மோட்டர் தானும் ஓர் எதிரழுத்தத்தைப் பிறப்பிக்கும். ஆடலோட்டத்தில் அதன் வலுவைக் காண வலுக்காரணி என்னும் எண்ணாலும் பெருக்கல் வேண்டும்.

கம்பியில் வீணாகும் வலுவை அறிய, ஓட்டத்தை அதே ஓட்டத்தாற் பெருக்கி, பின் தடையாற் பெருக்குக. தோட்டக் கிணற்றடிக்கு மெல்லிய வயரை நெடுந்தூரம் இழுத்து, 7 அம்பியர் எடுக்கும் மோட்டரை இணைத்தோம் என்க. போகவரவான வயரின் தடை 2 ஓமாயின் 14 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 98 உவாற்று வயரைச் சூடாக்கும். தண்ணீர் குறையும், மின்கட்டணம் குறையாது. ஓட்டம் பாதியானால் இவ்வெப்பம் காற்பங்காகும். சுன்னாகத்துக்குத் தூரத்திலிருந்து மின்சாரத்தை 132,000 வோல்ற்றிற் கொண்டுவருதலும் ஓட்டத்தைக் குறைத்து இவ்விழப்பைத் தவிர்த்தற் பொருட்டேயாம்.

இளகிய இணைப்பு இன்னுங் கொடியது. கேத்தல் செருகிய குதையில் அரை ஓம் தடை ஏற்பட்டால், ஓட்டம் எட்டரை அம்பியராக, விரல்நுனியளவு இடத்தில் 36 உவாற்று வெப்பம் ஓயாது பிறக்கும். பிளாஸ்ரிக் உருகித் தீப்பற்ற இது சாலும். உருகி அடிக்கடி எரிகின்றதென்று அதனிடத்தே தடித்த கம்பியை இடுவோர், உருகி செய்யவேண்டிய காவலைத் தாமே நீக்கி, வீட்டின் வயரையே உருகியாக்குகின்றனர்.

நம் உடலுக்கும் தடை உண்டு. உலர்ந்த தோல் பெருந்தடை தரும். நனைந்தால் அது 1000 ஓம் அளவுக்கும் இறங்கும். 230 ஐ 1000 ஆல் வகுக்க 0.23 அம்பியர். 60 உவாற்று இழைமின்குமிழில் ஓடுவதினுங் குறைந்த இவ்வோட்டம் இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைக் கவர வல்லது. ஆதலினாலேயே நிலத்துக்கு ஒழுகும் ஓட்டம் 0.03 அம்பியரை எட்டியதும் இணைப்பைத் துண்டிக்கும் 'ட்ரிப் சுவிட்ச்' வீடுகளிற் பொருத்தப்படுகின்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. அது துண்டிக்கத் தவறின் தகுதிபெற்ற மின்னியலாளரை அழைத்தல் வேண்டும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், நம் அயலூராகிய மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழில் விஞ்ஞானம் விளங்குமோ என்ற ஐயம் அன்றே இம்மண்ணில் நீங்கிற்று. மாணவர் செய்யவேண்டியது ஒன்றே. இன்றிரவு தத்தம் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் தகட்டையும் படித்து, உவாற்றை 230 ஆல் வகுத்து, வரும் அம்பியரைக் கொப்பியில் எழுதுக. ஒரு குதையில் இணைத்த கருவிகளின் அம்பியர்களைக் கூட்டுக. அத்தொகை குதையிற் பொறித்த எண்ணை மிஞ்சினால், பெற்றோர்க்குக் காட்டி ஒன்றைக் கழற்றுக.