டி.டி.எஸ். மீட்டரை நம்பலாமா?

பக்கத்தில் கடல், பாசனத்துக்குப் போர்வெல். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், செலியமேடு போன்ற ஊர்களில், போர் தண்ணீர் உவர்த்துவிடுமோ என்ற கவலை புதிதல்ல. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) காட்டும் சில நூறு ரூபாய் பேனா மீட்டரை முக்கினால் எண் வந்துவிடுகிறது. ஆனால் அது உப்பை எடை போடுவதில்லை. நீரின் மின்கடத்துதிறனைப் பார்த்து, 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சொல்கிறது. கடத்துதிறன் 1413 (மைக்ரோசீமன்ஸ்/செ.மீ.) உள்ள ஒரே கரைசலை ஒரு மீட்டர் 700-க்குச் சற்று மேல் என்னும். இன்னொன்று 990-ஐ நெருங்கும். இரண்டும் பழுதில்லாதவைதான்.

அப்படியானால் ஆய்வக முடிவோடு ஒப்பிட வேண்டும். சிக்கலே இங்குதான். நான்கு கிணற்று நீரில் ஆய்வகம் 400, 800, 1200, 1600 என்கிறது. மீட்டர் 200, 400, 600, 800 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு முழுசாக 1! மீட்டரோ பாதியைத்தான் காட்டுகிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் மட்டுமே 2000 வரை. 800 உள்ள கிணறு இந்த மீட்டரில் 400 என்று தேறிவிடும்.

இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கினாலே ஒத்துப்போவதாகாது என்று பிரிட்டன் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்கள். எனவே ஓர் அறிக்கையில் ஒட்டுறவுக் கெழு 0.98 என்று கண்டதும் கைதட்ட வேண்டாம்.

ஆலைக் கழிவுநீரில் இந்த ஒப்பீடு இன்னும் பெரிய விவகாரம். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) சோதனைக்கு ஆய்வகத்தில் நாள்கணக்காகும். ஒளியை வைத்து அளக்கும் கருவிகளோ, ஆய்வக முடிவுகளோடு பொருத்தி வைத்த கணக்கிலிருந்து நொடியில் ஊகிக்கின்றன. கழிவின் தன்மை மாறினால் அந்தக் கணக்கும் பொய்க்கும்.

மாசற்ற நீர் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-இல், சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே ஆலைகளின் கண்காணிப்புக் கருவிகளைப் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "கருவி சரியா?" என்று கேட்டால் "சரி" என்றே வரும். கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள், ஒரே நேரத்தில் எடுத்த கருவி அளவும் ஆய்வக அளவும் என்னென்ன என்று ஜோடி ஜோடியாகக் கேட்க வேண்டும்.

வீட்டு மீட்டருக்கு நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி எதுவும் தனியாகத் தெரியாது. அவற்றுக்கு ஆய்வகச் சோதனைதான். மாசு உறுதியானால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம் அதற்குக் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம்.