உழுதவன் ஒருவன்; அறுவடை யாருக்கு?

சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்குவது எப்படி என்பது அவளது ஆய்வு. நான்கு ஆண்டு உழைப்பு. உதவித்தொகை அரசு தருகிறது. அது மக்கள் வரிப்பணம். நாம் வாங்கும் தீப்பெட்டிக்குக் கட்டிய வரியும் அதில் உண்டு.

முடிவைக் கட்டுரையாக்கி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புகிறாள். "ஏற்றுக்கொண்டோம்" என்று பதில் வருகிறது. வீட்டிலே மகிழ்ச்சி! கூடவே ஒரு படிவமும் வருகிறது. பதிப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதித் தரும் படிவம். கையெழுத்திடுகிறாள்.

முடிந்தது! அவள் எழுதிய கட்டுரைக்கு அவள் இனி உரிமையாளர் அல்லள். எழுதியவளுக்குக் கூலி இல்லை. சரிபார்த்த பேராசிரியர்களுக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. ஆனால் படிப்பதற்கு மட்டும் காசு! அவள் பயிலும் பல்கலைக்கழகமே சந்தா கட்ட வேண்டும். சாயத்தொட்டியருகே நிற்கும் தந்தை படிக்க விரும்பினால் அவரும் கட்டணம் கட்ட வேண்டும். விதைத்த நெல்லை விலைக்கு வாங்கும் உழவனின் கதை அல்லவா இது?

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது. எழுத்து மூலம் கையெழுத்திட்டுத் தந்தாலன்றி அந்த உரிமை கைமாறாது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு மட்டுமே செல்லும். அதனால்தான் "உரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்று பல படிவங்களில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்! அந்தக் காலம் எவ்வளவு? எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டு!

அரசு சும்மா இருந்ததா? இல்லை. "ஒரே நாடு ஒரே சந்தா" என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர் படிக்கலாம், நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: நம் ஆய்வாளர்கள் கூலியின்றித் தந்த எழுத்தும் அந்த இதழ்களில் இருக்கிறதே, அதையுமா கோடி கொடுத்து மீட்பது?

"எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும்" என்பதே திறந்த வெளியீடு. அதிலும் ஒரு பொறி உண்டு. படிப்பவரிடம் வாங்காத காசை எழுதுபவரிடம் கேட்கும் இதழ்கள் பல. "நேச்சர்" இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ! சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகள் எங்கே போவாள்?

வழி இருக்கிறது. இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க இதழ்கள் பல இசைகின்றன. சில, குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்லும். காசு செலவில்லை. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தம் நிதியில் நடக்கும் ஆய்வுகளை இப்படிச் சேர்க்க வேண்டும் என்று 2014லேயே கொள்கை வகுத்தன. ஆய்வேடுகளுக்கோ "சோத்கங்கா" என்னும் பொதுக் களஞ்சியம் இருக்கிறது. இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் அங்கே காசின்றிக் கிடைக்கின்றன.

வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலம் இழந்தவர்களை நாம் அறிவோம். படிக்காத பாட்டன் ஏமாந்தான். படித்த பேத்தியும் ஏமாறலாமா?

ஆகவே ஆய்வு செய்யும் தம்பி தங்கையருக்குச் சொல்கிறோம்: கையெழுத்திடுமுன் படிவத்தை வரிவரியாகப் படியுங்கள். உரிமையை முழுதாகத் தராமல் வெளியிடும் அனுமதி மட்டும் தர இயலுமா என்று கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டிலே அந்தக் கட்டுரையைச் சேர்க்கவும், களஞ்சியத்தில் வைக்கவும் உரிமை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படிவத்தின் ஒரு படியைப் பத்திரப்படுத்துங்கள்.

தோழர்களே! உங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால் இன்றிரவே கேளுங்கள்: "எதிலே கையெழுத்துப் போட்டாய், கண்ணே?"

மக்கள் காசில் விளைந்த அறிவு மக்களுக்கே வரட்டும்!