ஆறு போடும் அட்டவணை

கப்பல் சுற்றுலா என்றதும் ஊரில் இருப்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் வந்து நிற்கும் பல மாடிக் கப்பலும் மொட்டைமாடி நீச்சல்குளமும்தான் ஞாபகம் வரும். தீபாவளிக்கு மயிலாடுதுறையிலிருந்து வந்த என் நாத்தனாரும் அந்த நினைப்போடுதான் வந்தாள். கொல்கத்தாவில் எங்களுக்கு வாய்த்திருப்பது ஆற்றுக் கப்பல். இருபது முப்பது அறைகள், தட்டையான அடிப்பாகம். ஹூக்ளியில் வடக்கே முர்ஷிதாபாத் வரை போகும். தலைசுற்றல், வாந்தி என்ற பேச்சே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் நானும் பெட்டியைக் கட்டினேன்.

நான் டாலிகஞ்ச்வாசி. எங்கள் பேட்டையில் கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும் டாலி நாலாவைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஒரு காலத்தில் கங்கை கடலுக்குப் போன வழி இது. காளிகாட், டாலிகஞ்ச், கரியா என்று தெற்கே ஓடிய ஆதி கங்கை. ஆறு தடம் மாறியது, பழைய தடத்தை வண்டல் மூடியது. 1770களில் வில்லியம் டாலி என்ற கம்பெனி ராணுவ அதிகாரி அதைத் தூர்வாரிக் கால்வாயாக்கி, போய்வரும் படகுகளிடம் சுங்கமும் வசூலித்தார். இப்போது அதற்குள் மெட்ரோ ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மிஞ்சிய ஹூக்ளிக்கும் அதே வியாதிதான். 1975இல் ஃபராக்கா அணையைத் திறந்து கங்கைத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பியதே, கொல்கத்தாத் துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்கத்தான்.

இப்படிப்பட்ட ஆற்றில் அச்சடித்த நிகழ்ச்சி நிரலுக்கு என்ன மரியாதை இருக்கும்?

முதல் நாள் காலை ஸ்ரீராம்பூரில் இறங்கியபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 1806இல் கட்டி முடித்த செயின்ட் ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை எழுத்து இருக்கிறது. நாத்தனார் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, இது நம்ம தரங்கம்பாடிக்காரங்க ஊரா?”

“அதே டேன்காரங்கதான். 1845ல ரெண்டு ஊரையும் சேர்த்து இங்கிலீஷ்காரங்ககிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க.”

மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடி. அதன் கூடப்பிறந்த ஊரைப் பார்க்க அவள் இத்தனை தூரம் வர வேண்டியிருந்தது. எனக்கு அந்த ஒரு மணி நேரமே கட்டணத்தில் பாதிக்குச் சமம்.

மதியம் பான் வருகிறது என்றார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது அகலமான முகத்துவாரத்தில் புகுகிற தண்ணீர், மேலே வர வர ஆறு குறுகுவதால், ஒரே அலையாக எழும்பி ஓடிவரும். துறையில் கட்டிய படகுகளை அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். கரையோரம் இருந்தால் மோதி உடையும். நாங்களும் நடு ஆற்றில் காத்திருந்தோம். 1950 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட சந்தன்நகரின் ஆற்றங்கரைச் சாலையை இருட்டில் அரக்கப் பரக்க ஒரு நடை நடந்ததோடு சரி.

சாப்பாடு? வெளிநாட்டுக்காரர்களை நினைத்துச் சமைத்தது. மசாலா இல்லாத மீனும் வெந்நீர் மாதிரி சூப்பும். காளி பூஜை சமயத்தில் விளக்கைத் தேடி வரும் சியாமா போக்கா என்ற பச்சைப் பூச்சி ஒன்று உண்டு, கடுகளவுதான். அது ஆயிரக்கணக்கில் மேசைத் துணியில் விழுந்து, தண்ணீர்க் கிளாஸில் மிதந்தது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தடவித் தடவிச் சாப்பிட்டோம். மறுநாள் நாத்தனார் சமையல்கட்டுக்கே போய்த் தயிரும் சாதமும் கேட்டு வாங்கிவந்துவிட்டாள்.

எனக்கு உறுத்தியது வேறு. படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். கப்பல் ஊர்ந்து போகும். மேல்தளத்திலிருந்து முழ நீளக் கேமராக்கள் திரும்பும். ஒருத்தி ஈரப் புடவையை இழுத்து மூடிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். அவள் குளிக்கிற இடம் நமக்கு வேடிக்கையா? நான் உள்ளே போய்விட்டேன்.

கால்னாவுக்குக் கீழே மணல்திட்டில் தட்டி நின்றோம். முன்பக்கம் ஒரு பையன் கோடு போட்ட மூங்கிலை இறக்கி ஆழம் சொல்லிக்கொண்டேதான் வந்தான், இருந்தும் தட்டியது. கப்பலை ஓட்டும் சாரெங் இன்ஜினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார். ஓதம் ஏறினால்தான் நகரும், நவத்வீப் பக்கம் வரை அதன் இழுப்பு உண்டு. இன்ஜின் சத்தம் ஓய்ந்த பிறகுதான் ‘புஸ்’ஸென்று மூச்சுவிடும் ஓசை கேட்டது. சுசுக். 2009இல் தேசிய நீர்விலங்காக அறிவித்தார்களே, அந்தக் கங்கை டால்ஃபின். நீண்ட மூக்கு, பழுப்பு முதுகு, ஒரு நொடி, அவ்வளவுதான். கண் பார்வை அநேகமாக இல்லாத பிராணி. கலங்கல் தண்ணீரில் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் மீன் பிடிக்கும். திட்டில் மாட்டாமல் போயிருந்தால் எங்கள் இன்ஜின் இரைச்சலில் அதைக் கவனித்தே இருக்கமாட்டோம்.

கால்னாவில் 1809இல் கட்டிய 108 சிவன் கோயில்கள் வெளிவட்டத்தில் 74, உள்வட்டத்தில் 34 என்று நிற்கின்றன. சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் நிதானமாகவே பார்த்தோம். தவறவிட்ட நேரத்துக்கு முர்ஷிதாபாத்தில் கத்திரி விழுந்தது. ஆயிரம் வாசல்களில் நூறு பொய் வாசல்களான ஹசார்துவாரி அரண்மனை கிடைத்தது. படிக்கட்டுக்கு அடியில் முர்ஷித் குலி கான் அடக்கமாகியிருக்கும் காட்ரா மசூதி கிடைக்கவில்லை.

கட்டணம் மலைப்பாக இருந்தால் ஸ்ரீராம்பூருக்கு ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் இருக்கிறது. பாரக்பூரில் இறங்கி எதிர்க்கரைக்குப் படகில் தாண்டினாலும் சில்லறைக் காசுதான். நாத்தனாரோ கப்பல்தான் வேண்டும் என்கிறாள். டிசம்பரில் வா, பூச்சி இருக்காது என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன் பஞ்சாங்கத்தையும் ஒரு புரட்டுப் புரட்ட வேண்டும்.